ஒரு குடும்பமும் ஓர் அறிவிப்பாளர் தொடரும்: உர்வா பின் ஸுபைர்

நபிமொழிகளைத் தொகுத்த ஹதீஸ் நூலை முதன்முறையாகத் திறக்கிறவர்கள் தொடக்கத்தில் வரும் பெயர்களைத் தாண்டிவிட்டு, நபிகள் நாயகம் (ஸல்) என்ன சொன்னார்கள் என்ற இடத்துக்கு நேரே போய்விடுவார்கள். "மாலிக் எங்களுக்கு அறிவித்தார், அவருக்கு ஹிஷாம் பின் உர்வா, அவருக்கு அவருடைய தந்தை, அவருக்கு ஆயிஷா" என்று நாலைந்து பெயர்கள் வரிசையாக வந்தால் யாருக்கும் கண் நழுவத்தான் செய்யும். தமிழ் மொழிபெயர்ப்புகள் பலவும் இந்தச் சிரமத்தைத் தவிர்க்க, "அறிவிப்பவர்: ஆயிஷா (ரலி)" என்று ஒரே ஒரு பெயரை மட்டும் போட்டுவிடுகின்றன. படிக்கச் சுலபம்தான். ஆனால் நடுவில் இருந்தவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். ஹதீஸ் கலையின் பாதி வேலை அந்த நடுவில் இருக்கிறவர்களைப் பற்றியது.

அந்தப் பெயர் வரிசைக்கு ஸனது என்றும் இஸ்னாது என்றும் பெயர். தமிழில் அறிவிப்பாளர் தொடர் என்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் செய்தி மத்னு. செய்தி நம்பத்தக்கதா என்று பார்க்கும் அறிஞர், தொடரில் உள்ள ஒவ்வொருவரையும் பற்றிக் கேட்பார்: இவர் தனக்கு முந்தையவரை உண்மையில் சந்தித்தாரா, நேரில் கேட்டாரா, நினைவாற்றல் எப்படி, பொய் சொல்லாதவரா, நடுவில் யாராவது விடுபட்டிருக்கிறார்களா? விதிகளாக அடுக்கினால் சலிப்புத் தட்டும் விஷயம் இது. ஒரே ஒரு தொடரை எடுத்து, அதில் இருக்கும் மனிதர்களைத் தெரிந்துகொண்டால் எளிதாகப் பிடிபடும். அதற்கு மேலே சொன்ன தொடரே போதும். "ஹிஷாம், அவருடைய தந்தை, ஆயிஷா" என்ற இந்த மூவரும் ஒரே குடும்பம். தந்தை என்று பெயர் சொல்லாமல் குறிக்கப்படுகிறவர்தான் நம் ஆள், உர்வா பின் ஸுபைர்.

உர்வா பிறந்த ஆண்டு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஹிஜ்ரி 23 வாக்கில், அதாவது கி.பி. 644ஐ ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம். நபிகளார் காலமானது 632இல். ஆக, உர்வா நபியைப் பார்த்ததே இல்லை. நபியை நேரில் கண்ட தலைமுறையை ஸஹாபாக்கள் என்றும், அந்த ஸஹாபாக்களைக் கண்ட அடுத்த தலைமுறையைத் தாபியீன்கள் என்றும் சொல்வார்கள். உர்வா தாபியீ. நபியைப் பற்றி அவர் எதைச் சொன்னாலும், "உனக்கு யார் சொன்னது?" என்ற கேள்வி உடனே வரும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு வாய்த்த வசதி வேறு யாருக்கும் சுலபத்தில் வாய்க்காது. தந்தை ஸுபைர் பின் அல்அவ்வாம் நபிகளாருக்கு அத்தை மகன். நபியின் தந்தையோடு பிறந்த ஸஃபிய்யாவின் பிள்ளை. நபியின் முதல் மனைவி கதீஜா, ஸுபைருக்கு அத்தை. தாய் அஸ்மா, முதல் கலீஃபா அபூபக்ரின் மகள். மக்காவைவிட்டு வெளியேறிய நபியும் அபூபக்ரும் ஸவ்ர் குகையில் ஒளிந்திருந்தபோது, அவர்களுக்கான உணவு மூட்டையைக் கட்டக் கயிறு இல்லாமல் தன் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்தவர் இவர்தான். அஸ்மாவின் தங்கை, தந்தை ஒன்று தாய் வேறு, ஆயிஷா. நபியின் மனைவி. அப்படிப் பார்த்தால் உர்வாவுக்கு ஆயிஷா சின்னம்மா முறை. நம் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் சாச்சி என்பார்களே, அந்த உறவு.

இந்த உறவு ஏன் முக்கியம் என்றால், நபியின் மனைவியரிடம் அந்நிய ஆண்கள் கேள்வி கேட்பதானால் திரைக்கு அப்பால் இருந்துதான் கேட்க வேண்டும். அக்கா மகனுக்கு அந்தத் தடை இல்லை. நேரே உள்ளே போகலாம், உட்காரலாம், முகம் பார்த்துப் பேசலாம், மறுத்துக்கூடக் கேட்கலாம். ஆயிஷா வழியாக வந்த ஹதீஸ்கள் 2,210 என்பது மரபான கணக்கு. அவற்றில் பெரும் பங்கு இந்த மாதிரி நெருங்கிய உறவினர்கள் மூலம் வந்தது. உர்வா ஒருவர். தாய்மாமன் மகன் காசிம் பின் முஹம்மத் இன்னொருவர். ஆயிஷாவிடம் வளர்ந்த அம்ரா என்ற பெண் மூன்றாமவர். அம்ராவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே இடம் போதாது.

சின்னம்மாவும் பிள்ளையும் பேசிக்கொண்டது எப்படி இருந்தது என்று ஹதீஸ் நூல்களே காட்டுகின்றன. ஹஜ்ஜில் ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கு இடையே நடப்பது ஒரு கடமை. குர்ஆனோ (2:158) அவற்றைச் சுற்றி வருவது "குற்றமில்லை" என்று சொல்கிறது. குற்றமில்லை என்றால், நடக்காமல் விட்டாலும் ஒன்றும் இல்லை என்றுதானே பொருள் என்று உர்வா கேட்கிறார். கெட்டிக்காரப் பையன் கேட்கக்கூடிய கேள்வி. ஆயிஷா விடவில்லை: "நீ சொன்னது மோசமான பேச்சு, என் அக்கா மகனே! நீ சொல்கிற பொருள் என்றால், நடக்காமல் இருப்பது குற்றமில்லை என்றல்லவா வசனம் இருந்திருக்கும்?" அப்புறம் பின்னணியைச் சொல்கிறார். நபிக்கு ஆதரவளித்த மதீனாவாசிகளான அன்ஸாரிகள் இஸ்லாத்துக்கு முன்பு மனாத் என்ற சிலைக்காக இஹ்ராம் (ஹஜ்ஜுக்கான புனித நிலை) பூண்டவர்கள். அதனால் ஸஃபா மர்வாவுக்கு இடையே நடப்பதற்குத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை நீக்கவே வசனம் இறங்கியது. ஒரு குர்ஆன் வசனத்தின் விளக்கம் இன்றைக்கு நமக்குக் கிடைப்பது, ஒரு பிள்ளை வீட்டில் எதிர்க்கேள்வி கேட்டதால்தான்.

இன்னொரு நாள் ஆயிஷா பழைய வறுமையைச் சொல்கிறார். இரண்டு மாதத்தில் மூன்று பிறைகளைப் பார்ப்போம், நபியின் வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது என்கிறார். "அப்படியானால் எதைக் கொண்டு வாழ்ந்தீர்கள், சின்னம்மா?" என்கிறார் உர்வா. பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான், பக்கத்து வீட்டு அன்ஸாரிகள் சிலர் பால் கொடுத்தனுப்புவார்கள் என்று பதில் வருகிறது. ஸஹீஹுல் புகாரீ என்ற புகழ்பெற்ற தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது. மற்றொரு முறை, மருத்துவம் எங்கே கற்றீர்கள் என்று உர்வா வியந்து கேட்க, அவர் தோளில் தட்டிப் பெயரைச் செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட்டு, நபியவர்கள் கடைசிக் காலத்தில் நோயுற்றிருந்தபோது வந்துபோன அரபுக் குழுக்கள் சொன்ன மருந்துகளை வைத்துத் தான் வைத்தியம் பார்த்ததைச் சொல்கிறார் ஆயிஷா.

பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஹதீஸ் கலை பாசத்தில் நிற்பதில்லை, சோதனையில் நிற்கிறது. அதற்கும் இந்த வீட்டிலேயே சான்று இருக்கிறது. அப்துல்லாஹ் பின் அம்ர் என்ற நபித்தோழர் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் வருகிறார், போய்க் கேட்டுக்கொண்டு வா என்று உர்வாவை ஆயிஷா அனுப்புகிறார். அவர் கேட்டு வந்த ஹதீஸ்களில் ஒன்று, இறைவன் அறிவை மனிதர்களிடமிருந்து பிடுங்கி எடுப்பதில்லை, அறிஞர்களை எடுத்துக்கொள்வதன் மூலமே எடுக்கிறான் என்பது. ஆயிஷாவுக்கு அது புதிதாகப் பட்டது. நபி சொன்னதாகவே அவர் சொன்னாரா என்று கேட்டார். அடுத்த ஆண்டு அதே மனிதர் மறுபடி வந்தபோது, அந்த ஹதீஸை இன்னொரு முறை கேட்டு வா என்று அனுப்பினார். உர்வா போனார், கேட்டார். போன ஆண்டு சொன்னபடியே அவர் சொன்னார். திரும்பி வந்து சொன்னதும், "அப்துல்லாஹ் நன்றாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்" என்று ஆயிஷா ஏற்றுக்கொண்டார். ஓராண்டு இடைவெளிவிட்டு, சொன்னவரே அறியாமல் வைத்த நினைவாற்றல் தேர்வு! பிற்காலத்தில் அறிவிப்பாளர்களை எடைபோட்ட பெரிய அறிஞர்கள் செய்ததும் சாராம்சத்தில் இதுதான்.

உர்வா இதில் எவ்வளவு ஊறிப்போனார் என்பதற்கு அவருடைய வாய்மொழியே இருக்கிறது. ஆயிஷா ஹிஜ்ரி 58இல் (கி.பி. 678) காலமானார். அதற்கு நாலைந்து ஆண்டுகளுக்கு முன்பே, "இன்றைக்கு அவர் இறந்துபோனாலும், அவரிடம் இருந்த எந்த ஹதீஸையும் கேட்காமல் விட்டேனே என்று நான் வருந்த வேண்டியதில்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாராம். கேட்பதற்குக் கொஞ்சம் இரக்கமற்ற பேச்சாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயதான மனிதர் ஒருவரோடு என்னவெல்லாம் போய்விடும் என்பதைச் சரியாகக் கணக்கிட்டவரின் பேச்சு இது.

குடும்பத்தின் மற்றவர்கள் தேர்ந்த பாதை வேறு. கி.பி. 656இல் முஸ்லிம்களுக்குள்ளேயே ஜமல் போர் நடந்தபோது உர்வாவுக்கு வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தந்தை ஸுபைர் களத்தைவிட்டு விலகிப் போகும் வழியில் கொல்லப்பட்டார். அண்ணன் அப்துல்லாஹ் பின் ஸுபைர், டமாஸ்கஸிலிருந்து ஆண்ட உமய்யா ஆட்சியை எதிர்த்து 683இல் மக்காவில் தன்னைக் கலீஃபாவாக அறிவித்தார். மாற்றாந்தாய் வழிச் சகோதரர் முஸ்அப் அவர் சார்பில் இராக்கை ஆண்டார். 691இல் முஸ்அப் போரில் வீழ்ந்தார். அடுத்த ஆண்டு உமய்யாத் தளபதி ஹஜ்ஜாஜ் பின் யூசுஃபின் படை மக்காவை முற்றுகையிட்டு அப்துல்லாஹ்வையும் கொன்றது. முதுமை எய்தியிருந்த தாய் அஸ்மா அதன்பின் அதிக நாள் இருக்கவில்லை.

இதைப் பற்றி ஒரு கதை உண்டு. இளமையில் கஅபாவின் அருகே நால்வர் உட்கார்ந்து ஆளுக்கொரு ஆசையைச் சொன்னார்கள். அப்துல்லாஹ் கலீஃபா பதவி கேட்டார். முஸ்அப் இராக்கின் ஆட்சியும் குறைஷியரில் பேர்பெற்ற இரு பெண்களை மணப்பதையும் கேட்டார். உர்வா, மக்கள் தன்னிடமிருந்து கல்வி பெற வேண்டும் என்றார். இரண்டாம் கலீஃபா உமரின் மகன் இப்னு உமர் பாவமன்னிப்புக் கேட்டார். முதல் மூவருக்கும் கேட்டது கிடைத்தது. கதை கொஞ்சம் அதிக அழகாகவே அமைந்திருக்கிறது. முடிவு தெரிந்த பிறகு அமைத்ததோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் உர்வாவை அந்தக் காலத்தவர் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி.

அண்ணன் கொல்லப்பட்டதும் உர்வா நேரே டமாஸ்கஸ் போய், அண்ணனை வீழ்த்திய கலீஃபா அப்துல் மலிக்கின் முன்னால் நின்றார். உடலைத் தாயிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டார் என்கிறார்கள். இருவருக்கும் இடையே சம்பந்தி உறவும் இருந்தது. உர்வாவின் மனைவியரில் ஒருவர் அப்துல் மலிக்கின் அத்தை. வியப்பு என்னவென்றால், இதே கலீஃபா பின்னாளில் நபியின் வாழ்க்கை பற்றிச் சந்தேகம் வந்தபோதெல்லாம் உர்வாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். உர்வா எழுதிய பதில்கள் தபரீயின் வரலாற்று நூலில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அபிசீனியாவுக்குப் போன முதல் ஹிஜ்ரத் (புலம்பெயர்வு), பத்ர் போர் போன்றவை அவற்றில் வருகின்றன. நபியின் வரலாறு எழுத்தில் உருவானதன் மிகப் பழைய அடுக்குகளில் இவை அடங்கும்.

எழுத்து என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 683இல் உமய்யாப் படை மதீனாவைச் சூறையாடிய ஹர்ரா நாளில், உர்வா தன்னிடம் இருந்த சட்டக் குறிப்பேடுகளை எரித்துவிட்டார். மகன் ஹிஷாம் சொல்வது இது. பிறகு, என் குடும்பமும் சொத்தும் இருப்பதைவிட அவை என்னிடம் இருந்திருக்கலாமே என்று வருந்துவாராம். ஹதீஸ் எல்லாம் நூறு, இருநூறு ஆண்டுகள் வாய்வழியாக மட்டுமே வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஆரம்பத்திலேயே தனிப்பட்ட குறிப்புகள் இருந்தன. ஆனால் ஏட்டைவிட அதைப் படித்துக் காட்டும் ஆளை நம்பினார்கள்.

மதீனாவின் ஏழு சட்ட அறிஞர்கள் என்று ஒரு புகழ்பெற்ற பட்டியல் உண்டு. உர்வா அதில் ஒருவர். ஊருக்கு வெளியே அகீக் பள்ளத்தாக்கில் அவர் கட்டிய மாளிகையின் சிதைவுகள் இன்றும் இருக்கின்றன. அங்கே அவர் வெட்டிய கிணற்றின் நீருக்கு நெடுங்காலம் பெயர் இருந்தது. பேரீச்சை பழுக்கும் பருவத்தில் தோட்டச் சுவரை உடைத்துத் திறந்துவிடுவார். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து தின்னலாம், எடுத்துப் போகலாம்.

தமிழ் ஜும்ஆ உரைகளில் உர்வா என்றாலே வருவது அவர் கால் துண்டிக்கப்பட்ட நிகழ்ச்சிதான். கலீஃபா வலீதைப் பார்க்கப் போன பயணத்தில் காலில் அழுகல் நோய் கண்டது. அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. மயங்கக் கொடுத்த பானத்தை மறுத்துவிட்டார். அதே பயணத்தில் மகன் முஹம்மத், வலீதின் தொழுவத்தில் விலங்கு உதைத்து இறந்தார். "ஏழு பிள்ளைகள் இருந்தார்கள், ஒருவரை எடுத்து ஆறு பேரை விட்டாய், நான்கு உறுப்புகள் இருந்தன, ஒன்றை எடுத்து மூன்றை விட்டாய்" என்று இறைவனிடம் சொன்னாராம். சொல்லத் தகுந்த செய்திதான். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவதால், ஹதீஸ் கலையில் அவர் யார் என்பது பலருக்குத் தெரியாமலே போகிறது.

இஸ்னாது என்ற கருத்தை ஒரே காட்சியில் காட்ட வேண்டுமென்றால் நான் இமாம் மாலிக் தொகுத்த முவத்தா என்ற ஹதீஸ் நூலைத் திறப்பேன். அதன் முதல் ஹதீஸே உர்வாவைப் பற்றியது. மதீனாவின் ஆளுநராக இருந்த உமர் பின் அப்துல் அஸீஸ் ஒரு நாள் தொழுகையைத் தாமதப்படுத்திவிட்டார். உர்வா உள்ளே போய், முகீரா என்ற நபித்தோழர் இராக்கின் கூஃபா நகரில் இப்படித் தாமதித்தபோது அபூ மஸ்ஊத் அல்அன்ஸாரீ அவரைக் கண்டித்ததையும், வானவர் ஜிப்ரீல் இறங்கி வந்து தொழுகை நேரங்களைக் காட்டியதையும் எடுத்துச் சொன்னார். உமர் சட்டென்று, "உர்வா, என்ன சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லுங்கள்! ஜிப்ரீலா நபிக்குத் தொழுகை நேரத்தை வகுத்துத் தந்தார்?" என்றார். உர்வா கோபப்படவில்லை. "பஷீர் பின் அபூ மஸ்ஊத் தன் தந்தையிடமிருந்து அப்படித்தான் அறிவிப்பார்" என்றார். அதாவது, முதலில் செய்தியைச் சொன்னார். கேட்டதும் தொடரைக் காட்டினார். அதோடு இன்னொரு சான்றும் வைத்தார்: வெயில் தன் அறைக்குள் இருக்கும்போதே நபி அஸர் (பிற்பகல் தொழுகை) தொழுவார்கள் என்று ஆயிஷா சொன்னது. அவர் நாடறிந்த அறிஞர். இருந்தும் "நான் சொல்கிறேன், போதாதா" என்று சொல்லவில்லை.

உர்வா ஹிஜ்ரி 94ஐ ஒட்டி, கி.பி. 712 அல்லது 713இல் இறந்தார். அவரிடம் கற்ற இருவர் மிக முக்கியம். ஒருவர் இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரீ. எத்தனை வாளி இறைத்தாலும் கலங்காத கடல் என்று ஆசிரியரைப் புகழ்ந்தவர். மற்றவர் மகன் ஹிஷாம். ஸஹீஹுல் புகாரீயின் இரண்டாம் ஹதீஸ், வஹீ (நபிக்கு வந்த இறைச்செய்தி) எப்படி வந்தது என்பது, மாலிக், ஹிஷாம், உர்வா, ஆயிஷா வழியாக வருகிறது. மூன்றாம் ஹதீஸ், ஹிரா குகையில் முதல் வஹீ வந்த செய்தி, ஸுஹ்ரீ, உர்வா, ஆயிஷா வழியாக. இரண்டு கிளைகள், அடிமரம் ஒன்று. ஒரே செய்தி இரண்டு கிளையிலும் வரும்போது அவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், உர்வா உண்மையில் என்ன சொன்னார் என்பதை ஓரளவு நெருங்கலாம். ஹதீஸ் அறிஞர்கள் அன்று செய்ததும், மேலை ஆய்வாளர்கள் சிலர் இப்போது வேறு நோக்கில் செய்வதும் இதைத்தான். எல்லா ஆய்வாளர்களும் அந்த முடிவுகளை ஏற்பதில்லை.

மகன் என்பதால் ஹிஷாமுக்குச் சலுகை கிடைத்ததா? இல்லை. அவர் நம்பகமானவர் என்பதில் யாருக்கும் பெரிய ஐயம் இல்லை. ஆனால் அவர் மூன்று முறை கூஃபா நகருக்குப் போனதை விமர்சகர்கள் கவனித்து வைத்தார்கள். முதல் முறை "என் தந்தை எனக்கு அறிவித்தார், ஆயிஷா சொல்ல நான் கேட்டேன் என்று அவர் சொன்னார்" என்றாராம். இரண்டாம் முறை "என் தந்தை ஆயிஷாவிடமிருந்து எனக்கு அறிவித்தார்" என்றார். மூன்றாம் முறை வெறுமனே "என் தந்தை, ஆயிஷாவிடமிருந்து" என்று முடித்துக்கொண்டார். நமக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். அவர்களுக்கு அப்படியல்ல. "கேட்டேன்" என்பது நேரடிச் சாட்சி. "இடமிருந்து" என்பதில் நடுவில் வேறொருவர் இருந்திருக்க இடம் உண்டு. தந்தையின் வேறு மாணவர்களிடம் கேட்டதையும் ஹிஷாம் இராக்கில் தந்தை பெயரிலேயே சொல்லிவிட்டாரோ என்ற கேள்வி இதிலிருந்து எழுந்தது. மாலிக்குக்கும் அந்த இராக் அறிவிப்புகள் மேல் அதிருப்தி இருந்ததாகச் சொல்வார்கள்.

முதுமையில் ஹிஷாம் கடனாளியாகக் கலீஃபா மன்ஸூரிடம் போனார். கடன் ஒரு லட்சம் திர்ஹம். இவ்வளவு கல்வி இருந்தும் அடைக்க வழியில்லாமல் இத்தனை கடனா என்று கலீஃபா கடிந்துகொண்டார். குடும்பத்து இளைஞர்களைக் குடும்பஸ்தர்களாக்கச் செலவழித்தேன் என்று இவர் பதில் சொன்னார். பத்தாயிரம் கிடைத்தது என்பது கதை. ஹிஜ்ரி 146 வாக்கில் பாக்தாதில் இறந்தார்.

ஹிஷாமின் மனைவியும் அறிவிப்பாளர்தான். ஃபாத்திமா, தந்தையுடன் பிறந்த முன்திரின் மகள். நம் ஊரில் பலருக்கு இது அக்கா முறை ஆகிவிடும், அரபு வழக்கில் இயல்பான சம்பந்தம். வயதிலும் ஹிஷாமைவிடப் பதிமூன்று ஆண்டுகள் மூத்தவர் என்கிறார்கள். பாட்டி அஸ்மாவிடம் நேரில் கேட்டவர். நபியின் காலத்தில் குதிரையை அறுத்து உண்டோம் என்ற அஸ்மாவின் ஹதீஸ் புகாரீயில் ஹிஷாம் வழியாக வருகிறது. அங்கே அவர் சொல்வது, "என் மனைவி ஃபாத்திமா எனக்கு அறிவித்தார்" என்று.

இதே ஃபாத்திமாவிடம் தானும் கேட்டதாக, நபி வரலாறு எழுதிய இப்னு இஸ்ஹாக் சொன்னார். ஹிஷாமுக்கு வந்ததே கோபம்! என் மனைவியை அவன் எங்கே பார்த்தான் என்று கொதித்து, அவரைப் பொய்யர் என்றே சொல்லிவிட்டார். அறிவிப்பாளர்களை எடைபோடுகிறவர்களுக்கு இது சங்கடமான வழக்கு. குற்றம் சாட்டுகிறவர் நம்பகமானவர், ஆனால் கணவர். பெண்களிடம் திரைக்கு அப்பால் இருந்து ஹதீஸ் கேட்பது அன்று சாதாரணம் என்று பலர் இப்னு இஸ்ஹாக்குக்காகப் பேசினார்கள். இமாம் அஹ்மத் பின் ஹன்பல் சொன்ன பதில் இன்னும் எளிமையானது: ஹிஷாம் ஏன் மறுக்க வேண்டும்? இப்னு இஸ்ஹாக் வந்து அனுமதி கேட்டிருப்பார், அந்த அம்மாவும் அனுமதித்திருப்பார், ஹிஷாமுக்குத் தெரியாமல் இருந்திருக்கும்.